யார் கையில் முறை? ரோல்பிளேயிங் மேசையில் எல்லாருக்கும் இடம் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ரோல்பிளேயிங் என்றால் ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, டைஸ் உருட்டி, சேர்ந்து கதையை நகர்த்தும் ஆட்டம். அதை நடத்துபவர் ஜிஎம் (கேம் மாஸ்டர்). ஸ்பாட்லைட்டை, அதாவது கதையில் ஆளுக்குக் கிடைக்கும் கவனத்தை, பங்கிடுவது என்றால் எல்லாரையும் சம நேரம் பேசவைப்பது என்றுதான் பல ஜிஎம்கள் நினைக்கிறார்கள். பேச்சை அளந்தால் கணக்கு தப்பாகிவிடும். இரவெல்லாம் கேலி பேசிச் சிரிக்கவைத்தவர் கதையில் ஒன்றையும் மாற்றாமல் வீட்டுக்குப் போயிருப்பார். மூன்றே வார்த்தை பேசியவர், "நான் மணியை அடிக்கிறேன்" என்று சொல்லி ஆட்டத்தையே திருப்பியிருப்பார். அளக்க வேண்டியது முடிவுகளை. யாருடைய முடிவால் அடுத்து நடப்பது மாறியது? இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கணக்கைச் சுற்றித்தான் போகிறது.

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், கோல கெட்டில் போன்ற தோட்டத்து ஊர்களில் ஆடும் குழுக்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கோலாலம்பூரில் முன்பின் தெரியாத ஐந்து பேர் கடையில் கூடி ஆடுவார்கள். இங்கே மேசையில் இருப்பவர்கள் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், பக்கத்து வீட்டு அக்கா, ஒரே தமிழ்ப்பள்ளியில் முன்னும் பின்னும் படித்தவர்கள். யார் முதலில் பேசுவார், யார் பேசமாட்டார் என்பது டைஸை உருட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடும். அதனால் பொதுவான ஜிஎம் அறிவுரைகளில் பாதி இங்கே அப்படியே பலிக்காது.

முதலில் நேரக் கணக்கு

இரவு 8 மணிக்கு ஆரம்பித்து 11.30க்கு முடித்தால் 210 நிமிடம். தாமதமாக வருவோர், சாப்பாடு, தே தாரிக் எல்லாம் சேர்ந்து 40 நிமிடத்தைத் தின்றுவிடும். மீதி 170. வர்ணனை, என்பிசி (ஜிஎம்மே நடிக்கும் மற்ற கதைமாந்தர்) பேச்சு, விதி பார்ப்பது என்று ஜிஎம் அதில் பாதியை எடுத்துக்கொள்வார் என்று வையுங்கள். ஆட்டக்காரர்களுக்குக் கிடைப்பது 85 நிமிடம். 4 பேர் என்றால் ஆளுக்கு 21 நிமிடம், 5 பேருக்கு 17, 7 பேருக்கு 12.

சண்டையில் இது இன்னும் மோசம். ஒருவரின் முறைக்கு 2 நிமிடம், எதிரிகளுக்கு மொத்தம் 4 நிமிடம் என்றால், 4 பேர் மேசையில் அடுத்த முறை வர 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். 7 பேர் என்றால் 16 நிமிடம். பதினாறு நிமிடம் சும்மா இருப்பவர் போனை எடுப்பார். அதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை.

எனவே 4 பேர் சரி, 5 பேர் தாங்கும், 6 பேர் கடைசி எல்லை. "கூட ரெண்டு பேர் வர்றாங்க லா" என்று யாராவது சொன்னால் இரண்டு மேசையாகப் பிரித்துவிடுங்கள். இன்னொரு ஜிஎம் இல்லையென்றால் வாரம் விட்டு வாரம் ஆடுங்கள். ஊரில் முகம் முறியக்கூடாது என்று எட்டு பேரையும் உட்காரவைத்தால், நான்கு பேர் ஆடுவார்கள், நான்கு பேர் பார்ப்பார்கள்.

கேரக்டர் எழுதும்போதே பங்கு பிரியும்

ஸ்பாட்லைட் தகராறில் பெரும்பகுதி கேரக்டர் எழுதும் நாளிலேயே விதைக்கப்படுகிறது. இரண்டு பேரும் பூட்டு திறக்கும் திருடன் என்றால், வாய் வேகமாக உள்ளவன்தான் எல்லாப் பூட்டையும் திறப்பான். முதல் நாள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொருவரிடமும் மூன்று வரி வாங்குங்கள்:

- இந்தக் கூட்டத்தில் என் கேரக்டர் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று.
- என் கேரக்டர் யாருக்காக, எதற்காக இங்கே வந்திருக்கிறது.
- என் கேரக்டர் எதைக் கண்டால் பின்வாங்கும்.

முதல் வரி இரண்டு பேருக்கு ஒன்றாக வந்தால் அங்கேயே பிரியுங்கள். ஒருவர் பூட்டு, மற்றவர் ஆள் ஏமாற்றும் பேச்சு. இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் ஜிஎம்முக்கான கைப்பிடி. அமைதியான ஆட்டக்காரரைக் கதைக்குள் இழுக்க வேண்டுமானால் அவற்றைத்தான் பிடித்து இழுக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கதை. 1920களில் ஒரு ரப்பர் தோட்டம். காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டு மணி தானாக அடிக்கிறது. செக்ரோலில் (வேலையாட்களின் வருகைப் பேரேட்டில்) செத்துப்போனவர்கள் பெயர் புதிதாக ஏறிக்கொண்டே இருக்கிறது. (1981இல் வெளிவந்த கால் ஆஃப் கதுல்லு என்ற திகில் ஆட்டம் வழக்கமாக 1920களில்தான் நடக்கும், அதன் விதிகள் இதற்கு அப்படியே பொருந்தும்.) கேரக்டர்கள் நான்கு: கிராணி (தோட்டத்து எழுத்தர்), மருத்துவச்சி, லாரி டிரைவர், பால்வெட்டுக்காரப் பையன். கிராணிதான் கணக்கு படிப்பார். மருத்துவச்சிக்கு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பெண்கள் மட்டும் பேசும் விஷயங்கள் தெரியும். டிரைவருக்குத் தோட்டத்துக்கு வெளியே ஆள் பழக்கம். பையனுக்கு இருட்டில் ஒவ்வொரு மர நிரையும் தெரியும். நான்கும் நான்கு கதவு. ஒன்றை மற்றவர் திறக்க முடியாது.

தயாரிப்புத் தாள்

ஆட்டத்துக்கு முந்தைய நாள் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் கேரக்டர்கள், மேலே நீங்கள் யோசித்து வைத்திருக்கும் ஐந்தாறு காட்சிகள். எந்தக் காட்சி யாருடைய கதவு என்று ஒரு புள்ளி வையுங்கள். ஆபிசில் செக்ரோலைப் பார்ப்பது கிராணிக்கு. லயத்தில் பிள்ளை பெற்றவள் பயந்து நடுங்குவது மருத்துவச்சிக்கு. ராத்திரி லாரியில் சுமையில்லாமல் சுமை தெரிவது டிரைவருக்கு. ஒரு வரியில் புள்ளியே இல்லையென்றால் புதுக் காட்சி எழுத வேண்டாம். இருக்கும் காட்சி ஒன்றில் சின்ன மாற்றம் போதும். முனியாண்டி கோயில் காட்சியில் யாரும் சேராதிருந்தால், அங்கே கிடக்கும் பால் வாளியில் பையனின் அப்பா போட்ட அடையாளக் கீறலை வையுங்கள். அந்தக் காட்சி இப்போது அவனுடையது.

இந்தத் தாளுக்குப் பத்து நிமிடம் போதும். வரைபடம் வரைய மூன்று மணி நேரம் செலவழிக்கும் ஜிஎம்கள் இதைச் செய்வதில்லை என்பது வேடிக்கைதான்.

உட்காரும் இடம்

அமைதியானவரை உங்களுக்கு நேர் எதிரே உட்காரவையுங்கள். தலை நிமிரும்போதெல்லாம் கண் அவர்மேல் படும். அதிகம் பேசுபவரை உங்கள் பக்கத்தில் வையுங்கள். கண் சந்திப்பு குறையும், தோளைத் தொட்டு "ஒரு நிமிஷம்" என்று மெல்லச் சொல்லவும் முடியும். சிங்க் கூரை வீட்டில் மழை பிடித்துக்கொண்டால் சன்னக் குரல் எதுவும் கேட்காது. அப்போது சத்தமான ஆள்தான் ஆடுவார். மழைக்காலத்தில் மேசையைச் சுருக்குங்கள், ஃபேனை மெல்லிய குரல்காரரின் பக்கத்திலிருந்து நகர்த்துங்கள். டிவியில் பந்தாட்டம் ஓடும் மாமாக் கடை (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) இந்த வேலைக்கு ஆகாது.

கேள்வி கேட்கும் முறை

வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

"இப்ப என்ன செய்யறீங்க?" என்று மேசையைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டால், பழகிய வாய்தான் பதில் சொல்லும். ஒவ்வொரு முறையும் அதே வாய். அமைதியானவரைத் திடீரென்று "நீ என்ன செய்யற?" என்று கேட்டால் அவர் தவிப்பார், எல்லாரும் அவரையே பார்ப்பார்கள், "நானும் அண்ணன் கூடப் போறேன்" என்று தப்பித்துக்கொள்வார். இரண்டுமே கேள்வியின் குறை.

நல்ல கேள்விக்கு நான்கு துண்டு: கேரக்டரை அழைப்பது, அந்தக் கேரக்டர் மட்டும் காணும் ஒன்று, நேரம் ஓடுகிறது என்ற அழுத்தம், இரண்டு தெளிவான வழி. இப்படி:

"டிரைவரே, லாரி விளக்கு வெளிச்சத்தில ஸ்டோர் கதவு பாதி திறந்திருக்கிறது உங்களுக்கு மட்டும்தான் தெரியுது. உள்ளே யாரோ இருமுறாங்க. மத்தவங்க இன்னும் பின்னால வந்துகிட்டு இருக்காங்க. ஹார்ன் அடிக்கிறீங்களா, விளக்க அணைக்கிறீங்களா? வேற எதுவும் தோணுனாலும் சரி."

இரண்டு வழி கொடுப்பதால் அவருடைய சுதந்திரம் குறைந்துவிடாது. புதியவருக்கு ஏறிவரப் படி கிடைக்கிறது. பழகிவிட்டால் அவரே மூன்றாவது வழியைச் சொல்வார். அதன் பிறகு அவருக்கு வழிகளை அடுக்க வேண்டாம்.

கேட்டபின் வாயை மூடுங்கள். மனத்துக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்துக்குள் பக்கத்து ஆள் பதில் எடுத்துக்கொடுக்கப் பார்ப்பார். கையை லேசாக உயர்த்தினால் போதும். பத்து முடிந்தும் பதில் வரவில்லையா? "யோசிங்க, திரும்பி வர்றேன்" என்று அடுத்தவரிடம் போய்விடுங்கள், ஆனால் கட்டாயம் திரும்பி வாருங்கள். "இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் எல்லாருக்கும் உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

எடுத்த முடிவுக்கு விளைவு வர வேண்டும். விளக்கை அணைத்தார் என்றால், அணைத்ததால் ஏதோ ஒன்று நடக்கட்டும், நல்லதோ கெட்டதோ. பதில் சொல்லியும் ஒன்றும் மாறவில்லை என்றால் அடுத்த தடவை அவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

அண்ணன், அக்கா, தம்பி

பெரியவர் பேசும்போது சின்னவர் குறுக்கே பேசமாட்டார். நல்ல பழக்கம்தான், மேசையில் மட்டும் அது ஸ்பாட்லைட்டைத் தின்றுவிடும். இருபது வயதுப் பையன் ஜிஎம்மாக இருந்து, மில்லில் வேலை செய்யும் முப்பத்தைந்து வயது அண்ணனை நிறுத்த வேண்டியிருந்தால் சங்கடம் இரட்டிப்பு.

இதற்கு மூன்று வழி உண்டு. மேசையில் எல்லாரையும் கேரக்டராகவே அழையுங்கள். "கிராணி ஐயா", "மருத்துவச்சி அம்மா" என்று கூப்பிட்டால் மரியாதை கதைக்குள் இடம் மாறிவிடும். இளையவருக்குக் கதையில் பதவி கொடுங்கள். தம்பி கிராணி, அண்ணன் பால்வெட்டு என்று இருந்தால், கதைக்குள் அண்ணன்தான் உத்தரவு கேட்க வேண்டும். பெரும்பாலான அண்ணன்மார்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், நடித்துத் தள்ளிவிடுவார்கள்.

மூன்றாவது, குறுக்கிடும் பேச்சைத் தயாராக வைத்திருங்கள்: "அண்ணே, நல்ல யோசனை, அதை மனசில வச்சுக்கோங்க. தங்கச்சி என்ன செய்யுதுன்னு கேட்டுட்டு நேரா உங்ககிட்ட வர்றேன்." சொன்னபடி நேராக அவரிடம் போக வேண்டும். இரண்டு தடவை மறந்தால் இந்த வாக்கியம் வெறும் வாய் அடைப்பு என்று அவருக்குப் புரிந்துவிடும்.

கணவன் மனைவி ஒரே மேசையில் ஆடினால் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள். ஒருவருக்காக மற்றவர் பதில் சொல்லிவிடுவார். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மொழியும் ஒரு காரணம். விதிப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், ஆங்கிலம் வேகமாகப் படிப்பவர் தானாகவே விதிக்கு அதிகாரி ஆகிவிடுகிறார். மற்றவர்கள் அவரைக் கேட்டுக் கேட்டே ஆடுவார்கள். ஒரே பக்கத்தில் தமிழில் ஒரு விதித் தாள் எழுதி ஆளுக்கொன்று கொடுங்கள்: எதை உருட்டுவது, எப்போது உருட்டுவது, தன் முறையில் செய்யக்கூடிய நான்கைந்து செயல்கள். மலாய், ஆங்கிலம், தமிழ் எதிலும் கேரக்டர் பேசலாம் என்றும் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் படிக்காத பிள்ளை "என் தமிழ் சரியில்ல" என்று வாய் திறக்காமல் இருப்பதை இது பெருமளவு குறைக்கும்.

அமைதி எல்லாம் ஒன்றல்ல

பேசாதவரைக் கண்டவுடன் காப்பாற்றப் பாயாதீர்கள். முதலில் எந்த அமைதி என்று பாருங்கள். கதை நகரும்போது முன்னால் சாய்கிறார், சிரிக்கிறார் என்றால் அவர் கேட்டு ரசிப்பவர். ஒரு இரவுக்கு இரண்டு மூன்று கனமான முடிவு கொடுத்தால் மனநிறைவோடு போவார். கேரக்டர் தாளையே புரட்டிக்கொண்டிருந்தால் விதி புரியவில்லை. இடைவேளையில் தனியாகக் காட்டுங்கள். வாய் திறந்து திறந்து மூடினால் இடைவெளி கிடைக்கவில்லை. மற்றவரை நிறுத்துவது உங்கள் வேலை. ஷிப்ட் முடித்து வந்து கண் சொருகினால் தூக்கம், அதற்கு ஜிஎம் மருந்து கிடையாது. திடீரென்று அமைதியானால் ஏதோ மனத்தில் பட்டிருக்கிறது. கதையில் வந்த சாவோ, சாதிப் பேச்சோ, குடியோ சொந்த வீட்டைத் தொட்டிருக்கலாம். இடைவேளை விட்டு, மேசைக்கு வெளியே கேளுங்கள்.

அதிகம் ஆடுபவர்

ஆர்வத்தால் பேசுபவருக்கு வேலை கொடுங்கள். வரைபடம் போடுவது, துப்புகளை எழுதிவைப்பது, முறை வரிசையைப் பார்ப்பது. மற்றவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பவர் வேறு ரகம். "நீ அங்க போ, அவன் கதவை உடைக்கட்டும்" என்று நான்கு கேரக்டரையும் அவரே ஆடுவார். அவரிடம், "உங்க கேரக்டர் இப்ப அந்த இடத்தில இல்லையே, சத்தம் போட்டுச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். சத்தம் போட்டால் ஸ்டோருக்குள் இருப்பதற்கும் கேட்கும். பிறகு உரியவரிடம் திரும்பி, "அவர் சொன்னது இது. நீங்க என்ன செய்யறீங்க?" என்று கேட்டு முடிவை அவர் கையிலேயே விடுங்கள்.

டைஸ் குவிவதும் ஒரு வழக்கமான நோய். ஒருவர் தேடித் தோற்றதும் "நானும் பார்க்கிறேன்", "நானும்" என்று எல்லாரும் உருட்டுவார்கள். முதலில் சொன்னவருடைய அந்தத் தருணம் செத்துவிடும். முதலில் கேட்டவர் மட்டும் உருட்டட்டும், ஒருவர் துணை நிற்கலாம் என்று வையுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் துணை நிற்பவர் இருந்தால் இரண்டு டி20 (இருபது பக்க டைஸ்) உருட்டிப் பெரியதை எடுக்கலாம். எல்லாரும் சேர்ந்து செய்யும் காரியத்துக்கு அதே விதிகளில் குழுச் சோதனை இருக்கிறது: பாதிப் பேரோ அதற்கு மேலோ வென்றால் முழுக் குழுவும் வென்றது.

துப்பு தேடும் கதைகளில் இன்னொரு சிக்கல்: தேடும் திறமை உயர்வாக உள்ள ஒரே கேரக்டர்தான் எல்லாத் துப்பையும் எடுக்கும். ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ விதிமுறை, உரிய திறமை உள்ளவர் சரியான இடத்தில் பார்த்தால் முக்கியத் துப்பு உருட்டாமலே கிடைக்கும் என்கிறது. எந்த ஆட்டத்திலும் இதைக் கடன் வாங்கலாம். செக்ரோலில் உள்ள கையெழுத்து வித்தியாசம் கிராணிக்கு உருட்டாமலே தெரியட்டும். அவர்தானே கணக்கு எழுதுபவர்.

இதெல்லாம் செய்தும் ஒருவர் அடங்கவில்லையென்றால் தனியாகப் பேசுங்கள். மேசையில் நாலு பேர் முன்னால் சொன்னால் மானப் பிரச்சினை ஆகி, அடுத்த வாரம் கோயில் கமிட்டி வரை பேச்சுப் போகும். "அண்ணே, நீங்க இருந்தாத்தான் ஆட்டம் சூடு பிடிக்குது. அந்தப் பையன் இன்னும் வாயே திறக்கல. அடுத்த வாரம் அவனை நீங்களே கதைக்குள்ள இழுத்து விடுறீங்களா?" பொறுப்பு கொடுத்தால் பாதிப் பேர் மாறிவிடுவார்கள்.

கூட்டம் பிரியும்போது

கிராணி ஆபிசில், மற்றவர்கள் லயத்தில் என்று பிரிந்தால் ஒரு பக்கத்தில் 5 முதல் 7 நிமிடத்துக்கு மேல் தங்காதீர்கள். வெட்ட வேண்டிய இடம் காட்சியின் முடிவில் இல்லை; கேள்வி தொங்கும் இடத்தில் இருக்கிறது. டைஸ் உருண்டு நின்றுவிட்டது, விளைவைச் சொல்வதற்கு முன் அடுத்த பக்கம் போங்கள். காத்திருப்பவருக்கு யோசிக்க ஏதோ இருக்கும். காட்சியில் இல்லாதவருக்கு என்பிசி வேடம் கொடுப்பதும் நல்ல வழி. டிரைவரை ஆடுபவர் ஐந்து நிமிடம் வெள்ளைக்காரத் துரையாக மாறி மருத்துவச்சியை விரட்டலாம்.

சண்டை

சுருக்கமாகச் சொன்னால் வேகம். வரிசையைப் பெரிய எழுத்தில் மடித்த அட்டைகளில் எழுதி எல்லாருக்கும் தெரியும்படி நிறுத்துங்கள். ஒருவரை அழைக்கும்போதே "அடுத்தது மருத்துவச்சி, தயாரா இருங்க" என்று சொல்லுங்கள். தாக்கும் டைஸையும் சேத டைஸையும் ஒன்றாக உருட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் முடிவு வரவில்லையென்றால் அவர் தற்காத்து நிற்கிறார் என்று வைத்து நகருங்கள்.

அடுத்து யார் என்பதை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கும் முறையும் உண்டு. 2012இல் வந்த மார்வெல் ஹீரோயிக் ரோல்பிளேயிங்கில் அது இருக்கிறது. எல்லாருக்கும் ஒரு சுற்றில் ஒரு முறை உறுதி. ஆனால் கூச்சப்படுபவரை நண்பர்கள் எப்போதும் கடைசியில் தள்ளுவார்கள், கவனியுங்கள். 2010இன் அப்போகலிப்ஸ் வேர்ல்டு போல முறை வரிசையே இல்லாத ஆட்டங்களில் வரிசை முழுக்க ஜிஎம் தலையில்தான். கீழே வரும் கோட்டுக் கணக்கு அங்கே இன்னும் அவசியம்.

கோட்டுக் கணக்கு

தயாரிப்புத் தாளிலேயே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் முடிவால் கதை திரும்பும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்கள். பேச்சுக்குக் கோடு கிடையாது, வெறும் தாக்குதலுக்கும் கிடையாது. 40 நிமிடத்துக்கு ஒரு தடவை பாருங்கள். யாருக்கு மற்றவர்களின் கோடுகளில் பாதிகூட இல்லையோ, அடுத்த காட்சி அவரிடமிருந்து தொடங்கட்டும். தாளை யாருக்கும் காட்டாதீர்கள். காட்டினால் மதிப்பெண் ஆகிவிடும்.

ஒரே இரவில் சமமாக வர வேண்டியதில்லை. ஒரு செஷன் கிராணியின் கதையாகவே ஓடலாம், அதில் தப்பில்லை. மூன்று செஷன் தாள்களை அடுக்கிப் பாருங்கள். மூன்றிலும் ஒரே ஆள் கீழே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தாமதமும் விடுப்பும் தோட்டத்து ஊரில் சாதாரணம். ஷிப்ட் மாறும், சாவு வீடு வரும், தைப்பூசக் காலத்தில் பாதிப் பேர் காவடி வேலையில் இருப்பார்கள். ஒன்பதரைக்கு வருபவரை "உட்காருங்க, போகப் போகப் புரியும்" என்று விட்டால் அவருக்கு அன்று முழுக்கப் புரியாது. நுழைந்த பத்து நிமிடத்துக்குள் அவர் கேரக்டர் கையில் புதுச் செய்தி ஒன்றோடு கதைக்குள் வரட்டும்; மற்றவர்கள் அவரைக் கேள்வி கேட்க வேண்டிய நிலை வரும். வராமலே போனவருக்கு வாரத்தின் நடுவில் வாட்ஸ்ஆப்பில் ஒரு கேள்வி அனுப்புங்கள்: "நீங்க இல்லாத அந்த ராத்திரி உங்க லாரியில ரத்தக் கறை. யார்கிட்ட சொல்வீங்க, யார்கிட்ட மறைப்பீங்க?" குழுவில் போடாமல் அவருக்கு மட்டும் தனியாக. அவர் எழுதும் பதிலிலிருந்து அடுத்த சனிக்கிழமை முதல் காட்சியைத் தொடங்குங்கள்.

கலையும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்று யாருடைய செயல் உங்களுக்குப் பிடித்தது, அடுத்த முறை உங்கள் கேரக்டருக்கு என்ன வேண்டும். முதல் கேள்விக்கு மற்றவரைத்தான் சொல்ல வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு வாரமாக யார் வாயிலும் வரவில்லை என்றால், உங்கள் கோட்டுக் கணக்கு என்ன சொன்னாலும் சரி, அடுத்த தயாரிப்புத் தாளில் முதல் புள்ளியை அவருக்கு வையுங்கள்.